பொடிப்பனிச் சறுக்குப் பயணம்: புதியவர்கள் எதை எந்த வரிசையில் முடிக்க வேண்டும்

பனிச்சறுக்கு மையங்களின் எல்லைக்கு வெளியே, மேலே ஏற்றிவிடும் லிஃப்ட்டும் சீர்செய்த தடமும் இல்லாத மலைகளில் சொந்தக் காலால் ஏறி, யாரும் தொடாத பொடிப்பனியில் சறுக்கி இறங்க விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதற்கான ஏற்பாடுகளில் நான் இறங்கியபோது கிடைத்த தகவல்களில் பெரும்பகுதி காலில் மாட்டிச் சறுக்கும் நீண்ட பலகைகளான ஸ்கைகளின் அகலத்தைப் பற்றியும் அழகான சாய்வுகளைப் பற்றியுமே இருந்தது. எந்த வேலையை எதற்கு முன் முடிக்க வேண்டும், எந்தத் தாளில் எந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும் என்று சொல்வாரில்லை.

வரிசைதான் இங்கே முக்கியம். பலரும் முதலில் விமானச் சீட்டை வாங்குகிறார்கள், அடுத்து ஸ்கைகளை வாங்குகிறார்கள், பிறகு காப்பீட்டைத் தேடுகிறார்கள், நாள் மிச்சமிருந்தால் பயிற்சிக்குப் போகிறார்கள். இப்படிச் செய்தால், பனியின் நிலை மோசமாக இருக்கும் நாளிலும் 'இவ்வளவு செலவு செய்துவிட்டோமே' என்ற எண்ணம் மலையில் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே கீழே உள்ள படிகள் பயிற்சியில் தொடங்குகின்றன. சீட்டு வாங்குவது வெகு பின்னால் வருகிறது.

1. உங்கள் சறுக்குத் திறனை அளந்துகொள்ளுங்கள்

சீர்செய்த தடத்தில் நன்றாக இறங்குபவர் பொடிப்பனியிலும் நன்றாக இறங்குவார் என்று எண்ண வேண்டாம். ஆழமான பனியில் ஸ்கையின் விளிம்பு எதையும் பற்றிக்கொள்ளாது. முதுகில் பை இருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் ஏறிக் களைத்த கால்களோடுதான் இறங்கத் தொடங்குவீர்கள். அதோடு, மலை முழுவதும் பொடிப்பனியாக இருக்கும் நாள் அரிது. காற்று இறுக்கிய பனி, வெயிலில் உருகி உறைந்த மேலோடு, ஈரமான கனத்த பனி எல்லாம் ஒரே இறக்கத்தில் அடுத்தடுத்து வரும்.

சறுக்கு மையத்துக்குள், சீர்செய்யப்படாத செங்குத்தான பகுதிகளில், எந்த வகைப் பனியாக இருந்தாலும் அடிக்கடி விழாமல் இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இந்தப் பருவத்தை மையத்திலேயே செலவிடுவது நல்லது. காலால் ஏறினால் ஒரு நாளில் ஓரிரு இறக்கங்கள்தான் கிடைக்கும், லிஃப்ட்டில் ஏறினால் அதைப் போலப் பல மடங்கு கிடைக்கும். உடல் வலுவைப் பொறுத்தவரை, சராசரிக் குழு ஒன்று மணிக்கு 300 முதல் 400 மீட்டர் உயரம் ஏறும். அந்த வேகத்தில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் போதுமானது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே பையைச் சுமந்து படியோ மேடோ ஏறிப் பழகுங்கள்.

2. பனிச்சரிவுப் பயிற்சியை முன்பதிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் ஏயாரே என்ற பனிச்சரிவுக் கல்வி அமைப்பின் முதல் நிலைப் பயிற்சி மூன்று நாள், 24 மணி நேரம். மீட்புப் பயிற்சி அங்கே தனியாக ஒரு நாள். கனடாவில் ஏஎஸ்டி என்ற பனிச்சரிவுத் திறன் பயிற்சியின் முதல் நிலை குறைந்தது இரண்டு நாள். ஆல்ப்ஸ் மலை நாடுகளில் மலையேற்றச் சங்கங்களும் வழிகாட்டி அலுவலகங்களும் இதற்கு நிகரான வகுப்புகளை நடத்துகின்றன. பனிக்காலம் தொடங்குவதற்கு முன்பே நல்ல தேதிகள் நிரம்பிவிடுவதால், இலையுதிர் காலத்திலேயே இடம் பிடித்துவிடுங்கள். இணையத்தில் மட்டும் நடக்கும் வகுப்பு, களப் பயிற்சிக்கு முன்னால் படிக்க உதவும். அது களப் பயிற்சிக்கு மாற்று ஆகாது. சில வகுப்புகளில் சேர, ஸ்கையோடு மேலே ஏறத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் கருவிகளுக்கும் முன்னால் வைக்கிறேன் என்றால், பனிச்சரிவில் புதைந்தவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்து நிமிடங்களுக்குப் பிறகு மளமளவென்று விழுகிறது. மூச்சுத் திணறல்தான் முதன்மைக் காரணம். அவ்வளவு நேரத்துக்குள் எந்த ஹெலிகாப்டரும் வந்து சேராது. உங்களைத் தோண்டியெடுக்கப் போகிறவர்கள் உடன் வந்தவர்களே. நீங்கள் அணிந்திருக்கும் கருவியால் உங்களுக்குப் பயன் உண்டா என்பது உங்கள் நண்பரின் திறமையைப் பொறுத்தது. எனவே தனியாகப் பயிற்சி பெறாமல், உடன் வரப்போகும் ஆளையும் சேர்த்துக்கொண்டு போங்கள். உயிருக்கு ஆபத்தான பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை, சிக்கிக்கொண்டவரோ அவர் குழுவில் ஒருவரோதான் கிளப்பிவிட்டிருக்கிறார் என்பதும் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும். பயமுறுத்தும் செய்தி போலத் தோன்றினாலும் இதில் ஓர் ஆறுதல் உண்டு: எங்கே போவது, எப்போது போவது என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

3. பருவமும் இடமும்

வடக்கு அரைக்கோளத்தில் பொடிப்பனிக்கு உரிய காலம் பொதுவாக டிசம்பர் முதல் மார்ச் வரை. ஜப்பானின் ஹொக்கைடோவில் ஜனவரியில் பனி இடைவிடாமல் கொட்டும். சிலி, அர்ஜென்டினா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பருவத்தின் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும்போது அதன் அடியில் வலுவற்ற படலங்கள் உருவாகி வாரக்கணக்கில் தங்கிவிடும். பாறைகளும் முழுதாக மூடப்பட்டிருக்காது. புதியவர்கள் பருவத்தின் பிற்பகுதியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பேன். பனி சற்றுத் திடப்பட்டிருக்கும், பகல் நீண்டிருக்கும், தங்குமிடங்களிலும் நெரிசல் குறைந்திருக்கும்.

நாள்களைக் கணக்கிடும்போது ஒரு வாரத்துக்குக் குறைவாக வைக்க வேண்டாம். பெரும் பனிப்பொழிவு நின்ற பிறகு ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டிவரும். மூன்று நாள் பயணத்தில் அந்தக் காத்திருப்புக்கு இடமே இருக்காது.

4. வழிகாட்டியை எப்படித் தேர்வது

முதல் பயணத்தில் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். ஐஎஃப்எம்ஜிஏ என்ற பன்னாட்டு மலை வழிகாட்டிக் கூட்டமைப்பின் சான்று பெற்றவரா என்று கேளுங்கள். அந்தச் சான்றைப் பெறப் பல ஆண்டுகள் பயிற்சியும் தேர்வுகளும் தேவைப்படும், உரிய வழிகாட்டி தன் அட்டையைக் காட்டத் தயங்கமாட்டார். சறுக்குப் பயிற்சியாளர் வேறு, மலை வழிகாட்டி வேறு. பயிற்சியாளரின் தகுதி பல நாடுகளில் மையத்தின் எல்லைக்கு உட்பட்டதே.

வழிகாட்டியின் கட்டணம் பெரும்பாலும் நாள் கணக்கு. குழுவில் எத்தனை பேரோ அத்தனை பங்காக அது பிரியும். இருவராகப் போனால் செலவு மிகும்; நால்வர் என்றால் தாங்கும். கட்டணத்துக்கு வெளியே வழிகாட்டியின் தங்குமிடம், உணவு, லிஃப்ட் சீட்டு ஆகியவையும் உங்கள் கணக்கில் சேர்வது வழக்கம், ஆனால் விளம்பரத்தில் இவை கண்ணில் படாது. முன்பணம் அனுப்புவதற்கு முன் எழுத்தில் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள்: இவை சேர்ந்த மொத்தத் தொகை எவ்வளவு, குழுவில் எத்தனை பேர், பனிச்சரிவு அபாயம் அதிகமான நாளில் என்ன நடக்கும். கடைசிக் கேள்விக்குப் 'பணத்தைத் திருப்பித் தருவோம்' என்ற பதில் அநேகமாக வராது. 'குறைந்த சாய்வுள்ள வேறு இடத்துக்குக் கூட்டிப்போவோம்' என்பதே வரும், அது நேர்மையான பதில்தான். 'எந்த நாளிலும் நீங்கள் கேட்ட இடத்துக்கே கூட்டிப்போகிறோம்' என்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

5. காப்பீடு, விசா, அனுமதி

பெரும் தலைவலி இந்தப் படிதான். சாதாரணப் பயணக் காப்பீட்டில் 'குளிர்கால விளையாட்டுகள் அடங்கும்' என்ற வரியைப் பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். விலக்குகள் பகுதிக்குப் போய் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். குறியிட்ட தடத்துக்கு வெளியே சறுக்குவது அடங்குமா? அடங்கினால், வழிகாட்டியோடு போனால் மட்டும்தானா? உயர வரம்பு ஏதும் உண்டா? மருத்துவச் செலவைத் தவிர, தேடுதலுக்கும் மீட்புக்குமான செலவு தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? பல நாடுகளில் ஹெலிகாப்டர் மீட்புக்கான கட்டணம் மீட்கப்பட்டவரிடமே வசூலிக்கப்படும்; மருத்துவக் காப்பீடு மருத்துவமனை வாசலில் இருந்துதான் தொடங்குகிறது என்று நிறுவனம் கைவிரித்தால் அந்தத் தொகை உங்கள் தலையில் விழும்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். விசாவுக்காக வாங்கும் மலிவான ஒப்பந்தங்களில் பனிச்சறுக்கே விலக்கப்பட்டிருப்பது உண்டு. விசா கிடைத்துவிட்டது என்பதால் மலையில் காப்பு இருக்கிறது என்று பொருளாகாது. அந்த விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். நேர்காணல் தேதி கிடைப்பதே பனிக்கால விடுமுறையை ஒட்டிக் கடினம் என்பதால் மூன்று மாத இடைவெளி விடுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் தொலைபேசியில் எனக்குக் கிடைத்த பதில் ஒன்று, ஒப்பந்த வாசகம் வேறொன்று. அதனால் உங்கள் கேள்வியை மின்னஞ்சலில், நீங்கள் செய்யப்போவதை அப்படியே விவரித்து அனுப்புங்கள்: 'லிஃப்ட் இல்லாமல் ஸ்கையில் ஏறி, குறியிடப்படாத மலைச்சாய்வில், சான்று பெற்ற வழிகாட்டியோடு இறங்குவேன்; இன்ன உயரம் வரை போவேன்.' வரும் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸ் நாடுகளின் மலையேற்றச் சங்கங்கள் சிலவற்றில் வெளிநாட்டவரும் உறுப்பினராகலாம். ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் போன்றவற்றின் உறுப்பினர் கட்டணத்திலேயே மீட்புக் காப்பீடு அடங்கியிருக்கிறது, குடில்களில் தங்கும் கட்டணமும் குறைகிறது. தனிக் காப்பீட்டை விட இது பல நேரம் மலிவு, எனினும் உச்சவரம்பைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

இனி அனுமதிகள். கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் நெடுஞ்சாலையைக் காக்கப் பீரங்கி கொண்டு பனிச்சரிவைக் கிளப்புகிறார்கள். அதனால் அங்குள்ள சில பகுதிகளுக்குப் பனிக்கால அனுமதிச் சீட்டு வேண்டும், அன்றன்று எது திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். இத்தாலியில் 2022 ஜனவரி 1 முதல், பனிச்சரிவு அபாயம் உள்ள இடங்களில் தடத்துக்கு வெளியே செல்வோர் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் அலைக்கருவி), மண்வாரி, துழாவுகோல் (பனிக்குள் செருகித் தேடும் நீண்ட கம்பி) மூன்றையும் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். மையத்தின் தடங்களில் சறுக்குவோருக்குப் பிறருக்கான சேதப் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். சுவிட்சர்லாந்தில் பனிக்காலத்தில் காட்டு விலங்குகளுக்காக மூடப்படும் பகுதிகளுக்குள் நுழைந்தால் அபராதம் உண்டு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியோ செய்திக் கருவியோ வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டில் வாங்கிய கருவியைக் காஷ்மீரின் குல்மார்க் வரை கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வார்கள்.

6. எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

முதல் பருவத்தில் ஸ்கை, காலணியை ஸ்கையோடு பிணைக்கும் பைண்டிங், மேலே ஏறும்போது ஸ்கையின் அடியில் ஒட்டும் ஸ்கின் ஆகியவற்றை வாடகைக்கு எடுங்கள். பொடிப்பனிக்கு நடுப்பகுதி 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான ஸ்கைகளைப் பலரும் புகழ்வார்கள்; ஏறும்போது அந்த அகலத்தின் எடையைக் காலில் உணர்ந்த பிறகு வாங்கலாமா என்று முடிவெடுங்கள். பணம் குறைவாக இருந்தால் முதலில் பூட் (ஸ்கைக் காலணி) வாங்குங்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே பூட் என்பதால், பொருந்தாத பூட்டில் முதல் ஏற்றத்திலேயே குதிகால் கொப்புளித்துவிடும். வாடகை பைண்டிங்கும் உங்கள் பூட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கடைக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஊசிகளால் பூட்டைப் பிடிக்கும் 'பின்' வகை பைண்டிங்குக்குப் பூட்டின் முன்னும் பின்னும் உலோகக் குழிகள் இருக்க வேண்டும்.

பீக்கன், துழாவுகோல், மண்வாரி மூன்றிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பீக்கன் மூன்று ஆன்டெனா உள்ள டிஜிட்டல் வகையாக இருக்கட்டும். எல்லா நிறுவனக் கருவிகளும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குவதால் நண்பர் வேறு நிறுவனக் கருவியை வைத்திருந்தாலும் தடையில்லை. துழாவுகோல் குறைந்தது 240 சென்டிமீட்டர் நீளம், மண்வாரி உலோகம். பிளாஸ்டிக் மண்வாரி, பனிச்சரிவு நின்றதும் இறுகிப்போகும் பனியில் உடையும். பழைய பீக்கன்களை வாங்காதீர்கள். ஆன்டெனாவின் பழுது வெளியே தெரியாது. கையேட்டில் சொல்லியிருக்கும் வகை பேட்டரியை மட்டும் போடுங்கள். ஆல்கலைன் கேட்கும் கருவியில் மறுபடி மின்னேற்றும் பேட்டரியைப் போட்டால் மீதி அளவைத் தவறாகக் காட்டும்.

பனிச்சரிவில் சிக்கும்போது இழுத்தால் ஊதி விரியும் காற்றுப் பை பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். அது புதையும் வாய்ப்பைக் குறைக்கிறது, ஆனால் மரத்திலோ பாறையிலோ மோதுவதிலிருந்து காப்பாற்றாது. முதல் ஆண்டில் அந்தப் பணத்தை வழிகாட்டிக்கு இன்னும் இரண்டு நாள் கொடுப்பதில் செலவிடுவேன்.

7. சீட்டும் விமானப் பயணமும்

பயிற்சிச் சான்று, காப்பீட்டின் எழுத்துப்பூர்வப் பதில், வழிகாட்டியின் உறுதி ஆகிய மூன்றும் கையில் வந்த பிறகு சீட்டு வாங்குங்கள். தேதி மாற்றக்கூடிய வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்கைப் பைக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு நீளமும் எடையும் வைத்திருக்கின்றன. இடையில் நிறுவனம் மாறினால் இரண்டின் விதியும் பொருந்தும். பூட்டைக் கைப்பையில் கொண்டுபோங்கள், சரக்கு தொலைந்தாலும் ஸ்கையை வாடகைக்கு எடுத்துவிடலாம்.

எரிவாயு உருளை உள்ள காற்றுப் பையைப் பன்னாட்டு விதிகளின்படி ஒருவருக்கு ஒன்று கொண்டுபோகலாம், ஆனால் விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேண்டும். அமெரிக்க விமான நிலையங்களில் நிரம்பிய உருளையை ஏற்பதில்லை. போன இடத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டும்.

8. முந்தைய மாலை

பனிச்சரிவு அறிவிக்கையைப் படிக்காமல் யாரும் படுக்கப் போகக் கூடாது. சுவிட்சர்லாந்தில் எஸ்எல்எஃப் என்ற பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் பனிக்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வெளியிடுகிறது. கனடாவில் அவலாஞ்ச் கனடா, இந்திய இமயத்தில் பாதுகாப்புத் துறையின் டிஜிஆர்இ என்று பிற இடங்களிலும் இதற்கென அமைப்புகள் உண்டு. அபாயத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். 3 என்பது நடுவில் இருப்பதால் 'சுமார்' என்று படுகிறது. அப்படியில்லை, ஒவ்வொரு படியிலும் அபாயம் பல மடங்காகிறது, உயிரிழப்புகள் பெருமளவு நிலை 3-இல்தான் நேர்கின்றன. எண்ணோடு நிறுத்தாமல், எந்தத் திசை, எந்த உயரம், புதுப்பனியா காற்று குவித்ததா பழைய வலுவற்ற படலமா என்ற பகுதியையும் படியுங்கள்.

பிறகு வரைபடம். பலகையாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வில் கிளம்புகின்றன. 30 பாகைக்குக் கீழே இருந்துகொண்டால் பெரும்பகுதி அபாயம் விலகிவிடும். ஆனால் உங்கள் தலைக்கு மேலே செங்குத்தான சாய்வு இருந்தால் அங்கிருந்து வருவது உங்களையும் சேர்த்துக்கொண்டு போகும். சாய்வைப் பாகை வாரியாக நிறமிட்டுக் காட்டும் செயலிகள் பல உள்ளன. பழைய கட்டுரைகள் ஃபேட்மேப்பைப் பரிந்துரைக்கும். அது 2024 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. வரைபடத்தை வலையமைப்பு இல்லாதபோதும் திறக்கும்படி இறக்கி வைத்து, திட்டத்தையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

9. மலையில்

கிளம்பும் இடத்திலேயே ஒவ்வொருவரின் பீக்கனும் அனுப்புகிறதா, பெறுகிறதா என்று சோதியுங்கள். கைப்பேசியைப் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். சூடேற்றும் கையுறைகளும் குறுக்கிடும். புதிய பனிச்சரிவின் தடம், காலடியில் 'ஹும்' என்று பனி அமுங்கும் ஓசை, ஸ்கையிலிருந்து ஓடும் விரிசல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்று செங்குத்தான சாய்வு வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஆபத்தான இடத்தை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருங்கள்.

மரங்களுக்கு நடுவே சறுக்குவது பாதுகாப்பு என்ற பொதுக் கருத்து பாதி உண்மை. ஊசியிலை மரங்களின் அடியில் தளர்ந்த பனி கிணறு போலக் குழிந்திருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியேறுவது மிகக் கடினம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு சோதனைகளில் தன்னார்வலர்களில் 90 விழுக்காட்டினரால் தாங்களாக வெளிவர முடியவில்லை. துணையைப் பார்வையிலிருந்து விடாதீர்கள், ஊதல் கழுத்தில் இருக்கட்டும்.

அவசர எண் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 112, வட அமெரிக்காவில் 911. கைப்பேசி எடுக்காவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை ஒலியோ ஒளியோ காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். ஹெலிகாப்டரைப் பார்த்து இரு கைகளையும் உயர்த்தினால் 'உதவி வேண்டும்' என்று பொருள். நலமாக இருப்பவர்கள் உற்சாகத்தில் இரு கைகளையும் ஆட்ட வேண்டாம்.

10. திரும்பிய பின்

ஸ்கின்களை அடுப்பருகே வைக்காமல் அறை வெப்பத்தில் உலர்த்தி மடியுங்கள். வாடகைப் பொருளானாலும் பசை கெட்டால் பிணைத்தொகையில் பிடிப்பார்கள். காயமோ மீட்போ நேர்ந்திருந்தால் மருத்துவமனை ரசீது, மீட்புக் குழுவின் அறிக்கை, வழிகாட்டியின் கையொப்பமிட்ட குறிப்பு ஆகியவற்றை ஊர் திரும்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், பிறகு எழுதி வாங்குவது கடினம். காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டிய கெடு சில ஒப்பந்தங்களில் சில நாள்களே. பருவம் முடிந்ததும் பீக்கனின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடுத்த ஆண்டுப் பயிற்சி வகுப்புக்கான முன்பதிவு எப்போது திறக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.